பொத்தான் வீட்டு லீபியின் பீப்பாய்

அபெர்டீன் பக்கத்துக் கடலோர மீனவ ஊரான எங்கள் போர்ட்லெனியில் பாதிப் பேரின் குடும்பப்பெயர் மேர், மீதிப் பேருடையது ஸ்லேட்டர். மற்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பையன் பிறந்தால் தாத்தாவின் பெயர், பெண் பிறந்தால் பாட்டியின் பெயர் என்பதால், எந்தக் காலத்திலும் ஊருக்குள் நாலு ஜேம்ஸ் மேர்களாவது நடமாடிக்கொண்டிருப்பார்கள். இருந்தும் எங்களுக்குக் குழப்பமே வந்ததில்லை. வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டே! ராஜா, கடுகு, லத்தீன், கேரட் என்று அப்பனுக்கு இருந்தது மகனுக்கு வரும், மகனுக்கு இருந்தது பேரனுக்கு வரும். எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர் எதிரில் மட்டும் அந்தப் பெயர்களைச் சொல்ல மாட்டோம். அவை எங்களுக்குள் புழங்குவதற்கு.

லீபி மேர், பொத்தான் வீட்டுப் பெண். துறைமுகத்தை ஒட்டி அவள் அப்பா மீன்வலை காயப்போட்ட மாடிதான் அவளுடைய பழைய புத்தகக் கடை. கீழே படகுச் சாமான்கள், மேலே புத்தகங்கள். பக்கத்தில் கூரை இடிந்து கிடக்கும் ஒரு வீட்டில் ஊரார் நண்டுக்கூடைகளை அடுக்கி வைப்பார்கள். அதற்கு 'வாத்து வீடு' என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், முன்பு வாத்து வளர்த்திருப்பார்கள் என்பார்கள்.

லீபியிடம் நாவல் கிடைக்காது. எங்கள் பக்கத்து ஊர்களின் பழைய கதைதான் கிடைக்கும். பாதிரியார்கள் தங்கள் சபையைப் பற்றி எழுதிய சரித்திரம், பண்ணையார் வம்சங்களின் வரலாறு, கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பெற்றவளைத் தேவாலயத்தில் முக்காலியில் உட்காரவைத்து ஊர் முன்னால் கண்டித்த கதை, ஹெரிங் மீன் அறுக்கப் போன பெண்கள் விரல்களுக்குத் துணி சுற்றிக்கொண்ட விதம் என்று எல்லாம் அந்த மாடியில் இருந்தன. கடல் கடந்துபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் வேர் தேடி அந்த மரப்படியில் ஏறி வருவார்கள். லீபி அவர்களை உட்கார வைப்பாள், அரைமணி நேரம் புரட்டுவாள், அவர்களின் கொள்ளுத்தாத்தா எந்தப் படகில் போனார், எந்தத் தெருவில் பெண் எடுத்தார் என்று சொல்லிவிடுவாள். அழுதுகொண்டு இறங்கிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"செத்தவங்க சமாசாரம் எல்லாம் உனக்கு அத்துப்படி. உயிரோட இருக்கிற நான் ஒரு வாய் டீ கேட்டா மட்டும் காது கேக்காது" என்பாள் பக்கத்து வீட்டு பெல்லா. அவள் கடுகு வீட்டுப் பெண்.

"செத்தவங்க டீ கேக்கறதில்லையேடி. அதான் அவங்களை எனக்குப் புடிக்கும்" என்பாள் லீபி.

இப்படிச் சிரித்துப் பேசுகிறவளின் நெஞ்சுக்குள் ஒரு கல் கிடந்தது. ஐம்பது வருடங்களாகக் கிடந்தது! ஊரார் வம்சத்தையெல்லாம் தேடிக் கொடுத்தவள், தன் வீட்டு வம்சத்தை மட்டும் ஒருநாளும் தேடியதில்லை.

அந்தக் கல் எப்படி விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அப்போது லீபிக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடத்துக்கு வெளியூரிலிருந்து புதிதாக ஓர் ஆசிரியை வந்திருந்தாள். எங்கள் சபையின் சரித்திரத்தை ஒரு பாதிரியார் 1888-இல் எழுதி அச்சிட்டிருந்தார். ஆசிரியை அதிலிருந்து எண்பத்தேழாம் பக்கத்தை வகுப்பில் உரக்க வாசித்தாள். 1839-ஆம் வருடத்துப் பெரும்புயலில் துறைமுக வாயிலில் கவிழ்ந்த படகைப் பற்றிய பக்கம் அது. படகில் இருந்தவர்களுக்கு அலைதடுப்புச் சுவரிலிருந்து கயிறு வீசினார்கள். அதில் ஒரு வரி: 'கயிற்றின் முனையைப் பிடித்திருந்த ஜேம்ஸ் மேர் அஞ்சி, கயிற்றைக் கைவிட்டு வீட்டுக்கு ஓடினான். ஐவர் மாண்டனர்.'

ஜேம்ஸ் மேர்! கல்லறைத் தோட்டத்தில் அந்த வயதுக்காரரான ஜேம்ஸ் மேர் ஒருவர்தான் இருந்தார். அவர் லீபியின் தாத்தா. அவள் பிறப்பதற்கு இருபது வருடங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். சாகும்வரை அலைதடுப்புச் சுவரின் பக்கமே அவர் கால் வைத்ததில்லை என்று அவள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேறென்ன சாட்சி வேண்டும்?

மறுநாள் இடைவேளையில் பெண்பிள்ளைகள் கயிறு தாண்டி விளையாடினார்கள். லீபி ஒரு முனையைப் பிடிக்கப் போனாள்.

"ஏய், அவகிட்ட கயிறு குடுக்காதீங்க! விட்டுட்டு வீட்டுக்கு ஓடிருவா!"

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகளின் சிரிப்பு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிட்டது. அடுத்த வாரம் வேறொருத்தியின் ஓட்டைக் காலுறை அகப்பட்டது. ஆனால் லீபியின் காதுக்குள் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. அன்று சாயங்காலம் வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, தாத்தாவா அது?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "அந்தப் புத்தகத்தைப் பத்தி இந்த வீட்டுல இனிமே பேசாதே" என்றார்.

அவருக்கும் தெரியாது, பாவம்! தன் அப்பாவிடம் அவர் கேட்டதே இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்த மௌனத்தையே லீபி பதிலாக எடுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வயதில் அவளைக் கேட்டு ஒருவன் வந்தான். அலெக் ஸ்லேட்டர், ராஜா வீட்டுப் பிள்ளை. பெயரில்தான் ராஜா, வீட்டில் எட்டுப் பேருக்கு இரண்டு கட்டில். மீன் அறுக்கும் கொட்டகையிலிருந்து அவள் திரும்பும் வழியில், தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, "என்னைக் கட்டிக்கிறியா லீபி?" என்று கேட்டான்.

அவளுக்கும் அவன்மேல் உயிர்தான். ஆனால் அன்று மாண்ட ஐவரில் அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் ஒருவர். கயிற்றை விட்டவன் பேத்தி எந்த முகத்தோடு அந்த வீட்டுப் படியேறுவாள்?

"முடியாது அலெக். ஏன்னு மட்டும் கேக்காதே."

அவன் கேட்கவில்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். வேறு யாரையும் அவன் கட்டவும் இல்லை.

அந்த வருடம்தான் லீபி அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினாள். அச்சானது முந்நூறு பிரதிகள் என்று கேள்வி. பெரும்பாலும் பண்ணையார்களும் பாதிரிகளும் வாங்கியவை. பண்ணை ஏலங்களில் புத்தகத்தைத் தனியாக விற்க மாட்டார்கள். வெண்ணெய் கடையும் மத்து, உடைந்த விளக்கு, பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூவுவார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்று, வந்து சேர்ந்தது இருபது. அந்தப் பத்தொன்பதை என்ன செய்வது என்று தெரியாமல்தான் கடை வைத்தாள். எங்கள் ஊரின் புத்தகக் கடை பிறந்தது இப்படி, அவமானத்தின் வயிற்றில்!

முதல் பிரதியை அடுப்பில் போட்டாள். தோல் அட்டை கருகிய வாசனை மூன்று நாள் வீட்டைவிட்டுப் போகவில்லை. ஒரு பிராணியைக் கொன்ற மாதிரி இருந்தது. அதன் பிறகு எரிக்கவில்லை. கிடைத்த பிரதியைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு பழைய ஹெரிங் பீப்பாய்க்குள் போடுவாள், மூடியை ஆணியடித்துவிடுவாள். பார்த்தால் அந்தப் பக்கம் கண்ணில் படும் அல்லவா? அப்பா செத்தார், யுத்தம் வந்து போனது, தலை நரைத்தது. பீப்பாயில் முப்பத்தொரு பிரதிகள் சேர்ந்தன.

1971 மார்ச் மாதம், மாவட்ட நூலகத்திலிருந்து இம்லாக் என்ற மனிதர் வந்தார். நல்ல மனிதர், மூக்கு மட்டும் எப்போதும் ஒழுகிக்கொண்டிருக்கும். அந்தச் சபைச் சரித்திரத்தை மறுபடி அச்சிடப் போகிறார்களாம். பார்த்து அச்சிட ஒரு பிரதி வேண்டுமாம்.

"என்கிட்ட இல்லீங்க" என்றாள் லீபி. அவள் வாழ்க்கையில் ஒரு வாடிக்கையாளரிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மூன்று வாரம் கழித்து, மழை கொட்டும் ஒரு மத்தியானம், அவர் மறுபடி வந்தார்.

"கவலையே படாதீங்க மிஸ் மேர். அபெர்டீன்ல ஒருத்தர்கிட்ட கெடைச்சிருச்சு. கொஞ்சம் அழுக்கு, ஆனா சமாளிச்சுக்கலாம். இந்த வருஷமே வந்துரும். வீட்டுக்கு ஒண்ணு இலவசம். பள்ளிக்கூடத்துக்கு நாப்பது."

"பள்ளிக்கூடத்துக்கா?"

"ஆமா. புள்ளைங்க சொந்த ஊரைப் பத்திப் படிக்கட்டுமே."

நாற்பது வருடங்களாக ஏலம் ஏலமாக அலைந்து, மழையிலும் பனியிலும் மிதிவண்டியில் பெட்டி கட்டிக்கொண்டு வந்து அடைத்ததெல்லாம் ஒரே நாளில் கட்டவிழ்ந்து வீட்டுக்கு வீடு வரப்போகிறது!

"அந்த எண்பத்தேழாம் பக்கத்தை எடுத்துட முடியாதா ஐயா?"

"அய்யோ, அதெப்படிங்க? உள்ளதை உள்ளபடிதான் போடணும். ஏதாவது தப்பு இருந்து, உங்ககிட்ட ஆதாரமும் இருந்தா அடிக்குறிப்பு போடலாம். ஆதாரம் இருக்கா?"

ஆதாரமா? அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் கல்லும் கரைந்திருக்கும். பிறகு, தோற்றுப்போனவர்களுக்கு மட்டும் வருகிற ஓர் அமைதியோடு எழுந்து ஜன்னலைத் திறந்து, கீழே படகுக் கொட்டகைக்குள் சாயம் பூசிக்கொண்டிருந்த அலெக்கைக் கூப்பிட்டாள்.

"அலெக், ஆணி பிடுங்கற சுத்தியலை எடுத்துக்கிட்டு மேல வா."

அறுபத்திரண்டு வயது அலெக் மூச்சிரைக்க வந்தான். சத்தம் கேட்டு பெல்லாவும் ஒரு தட்டு ஓட்ஸ் ரொட்டியோடு வந்து சேர்ந்தாள். கையில் ரொட்டி இருந்தால் எந்த வீட்டு விவகாரத்திலும் நுழையலாம் என்பது அவள் கணக்கு.

"என்னடி இது? பொணத்தைக் கிணத்தை ஒளிச்சு வச்சிருக்கியா?"

"ஆமா. என் தாத்தா பொணம்" என்றாள் லீபி.

மூடி பிளந்தது. உப்பு வாடை இன்னும் இருந்தது. உள்ளே வரிசையாக ஒரே புத்தகம்! இம்லாக் ஒழுகும் மூக்கைத் துடைக்கவும் மறந்து நின்றார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கங்க ஐயா. நல்லதாப் பாத்து அச்சடிச்சுக்கங்க. உங்ககிட்டப் பொய் சொன்னதுக்கு மன்னிச்சுருங்க. இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை."

அவர் தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். இது கறை, இது பூச்சி, இது பரவாயில்லை என்று முணுமுணுத்தார். லீபி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பாதிப் பீப்பாய் காலியானபோது அவர் கலகலவென்று சிரித்தார்.

"ஐயையோ, இது உதவாது. யாரோ சின்னக் குழந்தை கையில அகப்பட்டிருக்கு. பக்கம் பக்கமாப் பென்சில் கிறுக்கல். அதுவும் என்னன்னு பாருங்க! இங்க கேரட்னு எழுதியிருக்கு. இங்க லத்தீன். இங்க வாத்து. இது என்ன, பொத்தானா?"

பெல்லாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்து ரொட்டிகள் உருண்டன. அலெக் தொப்பியைக் கழற்றினான். லீபி திரும்பினாள். அந்த வெளியூர் மனிதருக்கு எப்படித் தெரியும், அது கிறுக்கல் அல்ல, எங்கள் ஊரின் உண்மையான பெயர்ப் பட்டியல் என்று?

"குடுங்க" என்றாள். புத்தகத்தை வாங்கிப் பிரித்தாள்.

முதல் தாளில், கோணல்மாணலான பெரிய எழுத்தில், 'ராபர்ட் ஃப்ளெட், கடிதம் கொண்டுபோகிறவன்' என்று எழுதியிருந்தது. ஐம்பது வருடம் இந்தத் தெருக்களில் தபால் சுமந்தவர். ஒரு மேருக்கும் இன்னொரு மேருக்கும் வித்தியாசம் தெரியாமல் அந்த வேலையை ஒருநாள்கூடப் பார்க்க முடியாது. பாதிரியார் பட்டப்பெயரெல்லாம் அநாகரிகம் என்று புத்தகம் முழுக்க விட்டுவிட்டார். அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. எந்த ஜேம்ஸ் என்று எல்லாருக்கும் தெரியுமே! எல்லாருக்கும் தெரிந்ததை யார் எழுதிவைப்பார்கள்? தபால்காரருக்கு மட்டும் கை நமைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் வீட்டுப் பெயரை எழுதிவிட்டார்.

"நீயே படி அலெக். எனக்குக் கண்ணு தெரியலை" என்றாள் லீபி. கண்ணாடி அவள் மூக்கில்தான் இருந்தது.

அலெக் எண்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினான். கயிற்றை விட்ட ஜேம்ஸ் மேருக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"'வாத்து. கனடா போய்விட்டான். கயிறு கையை எலும்புவரை அறுத்த பிறகே விட்டான். ஓடவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். நான் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது.'"

"வாத்து வீடு!" என்று அலறினாள் பெல்லா. "அடியே, பக்கத்துல இருக்கிற வாத்து வீடு! அது மேருங்க வீடாடி? நாம அதுல நண்டுக்கூடை அடுக்கி வச்சிருக்கோமே!"

"இரு பெல்லா, இன்னும் இருக்கு." அலெக்கின் விரல் கீழே இறங்கியது. இறந்த ஐவரின் பட்டியல். மூன்றாவது பெயர் வில்லியம் மேர். "'பொத்தான். இவன் தம்பி ஜேம்ஸ் அப்போது ஹெரிங் பிடிக்க விக் துறைமுகம் போயிருந்தான். பத்தாம் நாள் வந்து சேர்ந்தான். அண்ணனைப் புதைத்தாகிவிட்டது.'"

லீபி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாத்தா ஓடவில்லை. தாத்தா ஊரிலேயே இல்லை! அலைதடுப்புச் சுவரின் பக்கம் அவர் போகாதது வெட்கத்தால் அல்ல. அண்ணன் மூழ்கிய தண்ணீரைப் பார்க்க முடியாமல்தான். அந்தத் துக்கத்தைப் பயம் என்று நினைத்து அவர் மகன் வாய்மூடிச் செத்தான், பேத்தி முகம் மறைத்து வாழ்ந்தாள். நாலு ஜேம்ஸ் மேர்கள் நடமாடும் ஊரில் பிறந்துவிட்டு, 'எந்த ஜேம்ஸ்?' என்று ஒருவரும் கேட்கவில்லையே! அச்சில் வந்ததும் எங்கள் மூளை அப்படியே நின்றுவிட்டது.

அட்டைமேல் ஒட்டியிருந்த சீட்டில் லீபியின் கையெழுத்திலேயே ஏலம் எடுத்த தேதி இருந்தது: 1949. இருபத்திரண்டு வருடங்களாக அவளுடைய விடுதலை அவள் காலடியிலேயே ஆணியடித்துக் கிடந்திருக்கிறது.

அவள் அழுதாள். யாருக்காக முதலில் அழுதாள் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

"அந்த வாத்து மனுஷன்... கை எலும்பு தெரியற வரைக்கும் புடிச்சிருக்கான் அலெக். அவனை நான் அம்பது வருஷமாத் திட்டியிருக்கேன். என் தாத்தான்னு நெனச்சே திட்டியிருக்கேன்."

அலெக் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். முட்டி கடகடவென்று சத்தம் போட்டது.

"லீபி, ஒண்ணு கேக்கறேன். நீ அன்னிக்கு என்னை வேண்டாம்னு சொன்னியே... இதுக்கா?"

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"அடக் கடவுளே! கயிறு விட்ட கதை எனக்குத் தெரியாதா? நானும் அதே வகுப்புல ரெண்டாவது பெஞ்சுல உக்காந்திருந்தேனே! அது பொய்யா நெஜமான்னு நான் யோசிச்சதே இல்லை. என் காது பெருசா இருக்குன்னுதான் நீ வேண்டாம்னேன்னு நெனச்சேன். முப்பத்தொம்பது வருஷமாக் காதை மறைக்கறதுக்குத்தான் இந்தத் தொப்பி!"

"காதும் பெருசுதான்" என்றாள் பெல்லா, ரொட்டி பொறுக்கிக்கொண்டே.

லீபி சிரித்தாள். அழுகையும் சிரிப்பும் கலந்து விக்கல் எடுத்தது. ஒன்றும் புரியாமல் நடுவில் நின்ற இம்லாக், "இது... இது ஆதாரம்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆதாரந்தான் ஐயா. ஆனா அடிக்குறிப்பு வேண்டாம். அந்தத் தபால்காரர் எழுதினதை எல்லாம், எங்கெங்க எழுதினாரோ அங்கங்க, ஓரத்துலயே அச்சடிச்சுருங்க. ஒண்ணு விடாம. வாத்து கை அறுந்ததையும் சேர்த்து."

அந்த வருடம் நவம்பரில் புத்தகம் வந்தது. ஓரமெல்லாம் பட்டப்பெயர்கள்! வெளியாள் முன்னால் வாய்திறக்காத எங்கள் ஊர், அன்று கடைத்தெருவில் நின்று ஓரங்களை உரக்கப் படித்துக் கத்தியது. பெல்லாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். ஓரத்தில் 'கடுகு' என்று இருந்ததால், தேவாலயத்தில் தூங்கியதற்காகக் கண்டிக்கப்பட்டவர் அவளுடைய கொள்ளுத்தாத்தாதான் என்பது இனி சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆகிவிட்டது.

லீபி ஒரு பிரதியைக் கனடாவில், எங்கள் பக்கத்துக்காரர்கள் குடியேறிய கடற்கரை ஊர் ஒன்றின் நூலகத்துக்கு அனுப்பினாள். எண்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சிவப்பு நூல் வைத்து, 'உங்கள் ஊரில் மேர் என்ற குடும்பம் இருந்தால் தயவுசெய்து காட்டவும்' என்று எழுதினாள். அங்கேயும் ஒருத்தி பீப்பாய் வைத்திருந்தால் என்ன செய்வது?

நண்டுக்கூடைகளை வாத்து வீட்டிலிருந்து வேறிடத்துக்கு மாற்றினார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக நடந்தது.

லீபியும் அலெக்கும் அடுத்த ஏப்ரலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பாதிரியார் முன்னால் அவன் தொப்பியைக் கழற்றினான், பிறகு மாட்டவே இல்லை. அன்று மத்தியானம், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் அலைதடுப்புச் சுவரின் கடைசி முனைவரை நடந்தாள். படகு ஒன்று உள்ளே வந்தது. படகுக்காரன் கரையில் நின்றவர்களைப் பார்த்துக் கயிற்றை வீசினான். அது லீபியின் பக்கம் வந்து விழுந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். படகு சுவரோடு வந்து நிற்கும்வரை விடவில்லை. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

"போதும் பொத்தான் லீபி, கட்டியாச்சு!" என்று கத்தினான் படகுக்காரன்.